வயிறு குளிரும் வரை

பாப்புவா நியூ கினி நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. சந்தையிலும் படகுத்துறையிலும் கோர்ட்டு வாசலிலும் இத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள இருக்கும் பொதுமொழி டோக் பிசின். ஆங்கிலச் சொற்களை வாங்கித் தன் வாய்க்கு ஏற்றபடி மென்றுகொண்ட மொழி அது. அதில் 'பெல்' என்றால் வயிறு. கோபம் வந்தால் 'பெல் ஹாட்', வயிறு சூடாகிவிட்டது. துக்கம் 'பெல் ஹெவி', வயிறு கனக்கிறது. மனந்திருந்துவது 'தனிம் பெல்', வயிற்றைத் திருப்பிக்கொள்வது. கருவுற்றவளைக் குறிக்கவும் அதே சொல்தான், 'காட் பெல்'. பகை கொண்ட இரண்டு பேரை முதன்முதலாக ஓரிடத்தில் உட்காரவைப்பதற்கு ஒரு சிறு சடங்கு செய்வார்கள். அதன் பெயர் 'பெல் கோல்', வயிறு குளிர்தல். சமாதானத்துக்கு 'பெல் இசி' என்கிறார்கள். வயிறு இலேசாகிவிட்டது என்று பொருள்.

இதை நமக்கு அகராதி வைத்து விளக்க வேண்டியதில்லை. வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்றும், வயிறு குளிர்ந்தது என்றும், பெத்த வயிறு பத்தி எரியுது என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலக்காரர் நெஞ்சில் வைப்பதைப் பாப்புவா நியூ கினிக்காரர்களைப் போலவே நாமும் வயிற்றில் வைத்திருக்கிறோம்.

அந்த நாட்டின் கிழக்கு ஓரத்தில் உள்ள பூகன்வில் தீவில் பத்தாண்டு காலம் ஒரு போர் நடந்தது. அதை நிறுத்தப் பெண்கள் என்ன செய்தார்கள், போர் நின்றபின் இன்றுவரை என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள இந்த வயிற்றுச் சொற்களே நல்ல வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. போரை முடித்துவைத்த ஒப்பந்தத்தில் துப்பாக்கிகளை எப்படிப் பூட்டிவைப்பது என்று விவரமாக எழுதியிருக்கிறார்கள். வயிற்றைப் பற்றிய வேலை வேறு இடத்தில் நடந்தது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அல்லர்.

தீவைப் பற்றிக் கொஞ்சம். பூகன்வில் என்ற பெயர் பல வாசகருக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் அதே பெயருடைய செடி நம் வீட்டு மதில்மேல் படர்ந்திருக்கிறது. காகிதப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லா, 1768-ல் இந்தத் தீவை ஒட்டிக் கப்பலில் போன பிரெஞ்சு மாலுமி பூகன்விலின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நிலவியலின்படி பூகன்வில் சாலமன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய வல்லரசுகள் போட்ட எல்லைக்கோடு அதை நியூ கினியோடு சேர்த்தது. முதலில் ஜெர்மனி ஆண்டது, பிறகு ஆஸ்திரேலியா. பரப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஐந்தரை மடங்கு இருக்கும். மக்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். வடக்கே ஒரு குறுகிய நீரிணைக்கு அப்பால் பூகா என்ற சிறு தீவு. இந்த இடத்துக்குள்ளேயே இருபது மொழிகள் வரை இருக்கின்றன.

இனி நிலம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதன்மேல் கட்டியதுதான். தெற்கே பூயின் போன்ற சில பகுதிகள் நீங்கலாக, பூகன்வில் சமூகங்கள் தாய்வழிச் சமூகங்கள். பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேர்ந்தது. நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஆனால் நிலத்தைப் பற்றி வெளியாரிடம் பேச வேண்டி வந்தால் முன்னால் நிற்பவன் ஆண், பெரும்பாலும் தாய்மாமன். உரிமை அவளுடையது, வாய் அவனுடையது. ஊருக்குள் இது ஒரு சமநிலை. சகோதரிகள் சம்மதிக்காததை மாமன் பேசிவிட்டு ஊரில் நடமாட முடியாது. ஆனால் வெளியிலிருந்து ஒருவன் கையெழுத்து வாங்க வரும்போது அவன் கண்ணுக்கு வாய் மட்டும்தான் தெரியும்.

அப்படித்தான் வந்தது சுரங்கம். 1960களில் தீவின் நடுவே பங்குனா என்ற இடத்து மலையில் பெரும் செம்புப் படிவம் இருப்பது தெரியவந்தது. ஆஸ்திரேலிய ஆட்சிக்காலச் சட்டப்படி மண்ணுக்கு மேல் இருப்பது மக்களுக்கு, கீழே இருப்பது அரசுக்கு. பூகன்வில்காரர்களுக்கு இந்தப் பிரிவினை புரியவே இல்லை. கிழங்கு மண்ணுக்கு மேலா கீழா என்று யாராவது கேட்டிருந்தால் அதிகாரிகளுக்கும் கொஞ்சம் குழப்பம் வந்திருக்கும்.

1969 ஆகஸ்டில் துறைமுகத்துக்கு நிலம் எடுக்கக் கடலோரத்து ரொரொவானா கிராமத்தில் அளவைக்கல் நட்டார்கள். கிராமத்துப் பெண்கள் வந்து அந்தக் கல்லைப் பிடுங்கினார்கள். தலைக்கவசமும் கேடயமும் தரித்த போலீஸ்காரர்கள் ஒரு பக்கம் இழுக்க, பெண்கள் மறுபக்கம் இழுத்தார்கள். அடுத்த நாட்களில் தடியடி, கண்ணீர்ப் புகை. படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளியாகிப் பெரிய சங்கடமாகிவிட்டது. நிலத்தைப் பறிப்பதை விட்டுக் குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சுரங்கம் நிற்கவில்லை. 1972-ல் உற்பத்தி தொடங்கியது.

கணக்கு இப்படி இருந்தது. எடுக்கும் தாதுவின் மதிப்பில் 1.25 சதவீதம் உரிமைத்தொகை. அந்த உரிமைத்தொகையில் 5 சதவீதம் நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு. நம் கணக்கில் சொன்னால், ஆயிரம் ரூபாய்க்குச் செம்பு போனால் மலையை இழந்த குலத்துக்கு அறுபத்திரண்டரைக் காசு. சுரங்கம் இயங்கிய பதினேழு ஆண்டுகளில் பாப்புவா நியூ கினியின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 44 சதவீதம் அந்த ஒரு குழியிலிருந்து போனது. நூறு கோடி டன்னுக்கு மேல் கழிவு காவெரோங், ஜாபா ஆறுகளில் கொட்டப்பட்டது. ஆறுகள் நீலப்பச்சையாக மாறின. வயல் என்று அங்கே சொல்வது பெண்கள் பயிர்செய்யும் கிழங்குத் தோட்டத்தை. அவை கழிவுச் சேற்றில் மூழ்கின. அறுபத்திரண்டரைக் காசும், நட்டத்துக்கான ஈடும் 'குடும்பத் தலைவர்' என்று பதிவான ஆண்கள் கைக்குப் போயின.

1987-ல் புதிய நிலவுரிமையாளர் சங்கம் ஒன்று உருவானது. தலைவர் பெர்பெடுவா செரேரோ என்ற பெண்மணி. செயலாளர் பிரான்சிஸ் ஓனா, சுரங்கத்திலேயே வேலை பார்த்தவர். அவர்கள் கேட்ட நட்ட ஈடு அந்நாட்டு நாணயத்தில் 1,000 கோடி கினா. அது கிடைக்கும் என்று அவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். இழந்தது எவ்வளவு என்று சொல்ல ஓர் எண் வேண்டியிருந்தது. 1988 நவம்பரில் சுரங்கத்தின் வெடிமருந்தே திருடப்பட்டு மின்கோபுரங்கள் சாய்க்கப்பட்டன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டில் செரேரோ இறந்துபோனார். ஓனா காட்டுக்குள் போய்ப் பூகன்வில் புரட்சிப் படையை நடத்தினார். உலகத்துக்கு அவர் பெயர் தெரியும். அவருக்கு முன்னால் நாற்காலியில் இருந்தவரின் பெயர் அடிக்குறிப்புகளில் இருக்கிறது.

போரை நான் சுருக்கியே சொல்லப்போகிறேன். 1990-ல் பாப்புவா நியூ கினி அரசுப் படை விலகிக்கொண்டு தீவைச் சுற்றித் தடை போட்டது. மருந்து இல்லை, எரிபொருள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. சாலமன் தீவுகளிலிருந்து இரவில் படகில் மருந்து கொண்டுவந்தவர்கள் சுடப்பட்டார்கள். பிறகு படை திரும்பி வந்தது. புரட்சிப் படையின் கொடுமை தாளாமல் அரசோடு சேர்ந்த உள்ளூர் ஆயுதக் குழுக்களும் கிளம்பின. தலைநகரோடு தொடங்கிய போர், ஊரோடு ஊர் மோதும் போராகிவிட்டது. இறந்தோர் எண்ணிக்கையாகச் சொல்லப்படுபவை 10,000 முதல் 20,000 வரை. அவர்களில் பலர் குண்டடிபட்டுச் சாகவில்லை. மலேரியாவிலும் பிரசவத்திலும் செத்தார்கள்.

தடைக்காலத்தில் தேங்காயெண்ணெயை ஊற்றி வண்டி ஓட்டினார்கள் என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார்கள். வெளியுலகத்துக்கு அது வீரக்கதை. காட்டில் இடம் பெயர்ந்து, மலைச்சரிவில் புதிதாகத் தோட்டம் வெட்டி, மூலிகை தேடி, பிரசவம் பார்த்து, ஆயுதம் ஏந்தியவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டவர்களைப் பற்றி அவ்வளவு படம் எடுக்கவில்லை.

பூகாவில் ஹெலன் ஹகெனா என்ற ஆசிரியையின் வீட்டை 1990-ல் ஆயுதக்காரர்கள் எரித்தார்கள். அவர் அப்போது ஏழு மாத கர்ப்பிணி. கைவிடப்பட்ட ஒரு கட்டிடத்தின் தரையில், மருந்தோ மருத்துவரோ இல்லாமல் குறைப்பிரசவமாகப் பிள்ளை பெற்றார். 1992-ல் அவரும் தோழிகளும் சேர்ந்து லெய்தானா நேஹான் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். போர் முடிய இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. கூட்டம் கூடுவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட நேரம்.

மறுபக்கம் காட்டுக்குள்ளும் பெண்கள் இருந்தார்கள். புரட்சிப் படைத் தளபதி சாம் கவோனாவின் மனைவி ஜோசி, சமாதானத்துக்கும் விடுதலைக்குமான பெண்கள் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் அந்தப் பெண்களின் வாக்குமூலங்களைத் தொகுத்து மர்லின் ஹவினியோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'மண்ணின் தாய்மாராக' என்பதுதான். ஹகெனாவும் ஜோசியும் போரில் ஒரே அணி அல்லர். அரசியல் முடிவு எதுவாக இருக்க வேண்டும் என்பதிலும் எல்லாப் பெண்களும் ஒரே கருத்தில் இல்லை. பெண்கள் என்றால் இயல்பாகவே சமாதானப் பிரியர்கள் என்று எழுதுவது எளிது. பூகன்விலில் அது உண்மையும் அல்ல. மகனைக் காட்டுக்கு அனுப்பிய தாய்மாரும் உண்டு.

பிறகு எப்படி அவர்களால் முடிந்தது? என் விடை குலத்தில் இருக்கிறது. தாய்வழிக் குலம் போர்க்கோட்டை மதிக்காது. புரட்சிப் படையில் இருந்தவனும் அரசோடு சேர்ந்த குழுவில் இருந்தவனும் அக்காள் தங்கை பிள்ளைகளாக இருக்கலாம். ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் அது பெரியம்மா மகனைக் காட்டிக்கொடுப்பது. இரு தரப்புக்கும் தாயாக இருப்பவள் ஒருத்தி இருந்தாள், அவளால் இரு பக்கமும் செய்தி கொண்டுபோக முடிந்தது. உளவாளி என்று இரு பக்கமும் சந்தேகிக்கவும் முடிந்தது. அந்த ஆபத்தோடுதான் தாய்மார் காட்டுக்குள் நடந்து போய்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்தார்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ளூர்த் தளபதிகளிடம் நேரே பேசினார்கள்.

இன்னொன்று தேவாலயம். நம் ஊரில் சிலருக்கு இதைக் கேட்டால் முகம் சுளிக்கும், ஆனால் அங்கே அதுதான் இருந்த ஒரே வலை. அரசு இல்லை, தபால் இல்லை, தொலைபேசி இல்லை. மாதர் ஜெபக்குழு இருந்தது. ஊரடங்கு நேரத்தில் அரசியல் கூட்டம் போட முடியாது, ஜெபக்கூட்டத்தைத் தடுக்க எந்தச் சிப்பாய்க்கும் மனம் வராது. கத்தோலிக்கர், ஐக்கிய சபையார், அட்வென்டிஸ்ட் என்று சபைகளுக்குள் இருந்த பழைய போட்டியை ஒதுக்கிவிட்டு 1995-ல் சபைகளுக்கிடையிலான பெண்கள் மன்றம் உருவானது. அதில் முன்நின்றவர்களில் ஒருவர் நாசரேத் சகோதரிகள் சபையின் துறவி லொரெய்ன் கராசு.

1996 ஆகஸ்டில் எழுநூறு பெண்கள் அரவா நகரில் ஒரு வாரம் கூடினார்கள். இந்தத் தேதியை அதன் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். சில வாரங்கள் முன்புதான் அரசுப் படை பெரும் தாக்குதல் ஒன்றை நடத்தித் தோற்றிருந்தது. செப்டம்பரில் காங்கு கடற்கரையில் 12 படையினர் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 12 அன்று, இடைக்கால அரசின் தலைவரும் இரு தரப்போடும் பேசக்கூடியவருமான தியோடர் மிரியுங், குடும்பத்தோடு இரவுச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். போரின் மிக மோசமான ஆண்டு அது. அதன் நடுவே, தோணியிலும் கால்நடையிலுமாக, யார் வழிமறிப்பார்கள் என்று தெரியாத பாதைகளில் எழுநூறு பேர் வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு வாரத்தால் போர் நின்றுவிடவில்லை. எதிரெதிர்ப் பகுதிகளில் இருந்த பெண்கள் ஒரே கூரையின்கீழ் தங்கிப் பேசித் திரும்பினார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ஆண்கள் பேச முன்வந்தபோது, எதிர்த்தரப்போடு பேசலாம், உயிரோடு திரும்பலாம் என்பதற்கு ஏற்கெனவே ஒரு சாட்சி இருந்தது.

1997 தொடக்கத்தில் பிரதமர் ஜூலியஸ் சான் கூலிப்படை வைத்துச் சுரங்கத்தை மீட்கப் பார்த்தார். சொந்தத் தளபதியே எதிர்த்து நின்றதில் அந்தத் திட்டமும் அவர் பதவியும் போயின. அந்த வெற்றிடத்தில் நியூசிலாந்து முன்வந்தது. ஜூலையில் கிறைஸ்ட்சர்ச் அருகே பர்ன்ஹம் ராணுவ முகாமில் பூகன்வில்காரர்கள் தங்களுக்குள் முதலில் பேசினார்கள். பெண்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அக்டோபரில் சண்டை நிறுத்தம். 1998 ஜனவரியில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் அடுத்த சுற்று. அங்கே ஐம்பது பெண்கள் போயிருந்தார்கள். அவர்கள் தனியாக ஓர் அறிக்கை தந்தார்கள். குல மரபின்படி நிலத்தைக் காப்பவர்கள் நாங்கள், ஆகவே அரசியல் நடவடிக்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் எங்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் சாரம். கருணை கேட்கும் குரல் அதில் இல்லை. பட்டா வைத்திருப்பவர் பேசுகிற குரல்.

சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிஜி, வனுவாட்டு அணியினர் ஆயுதம் எடுத்துவரவில்லை. கிட்டார் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் மாவோரிகள் பலர், பெண்களும் இருந்தார்கள். ஆண் சிப்பாயிடம் வாய்திறக்காத கிராமத்துப் பெண்கள் இவர்களிடம் பேசினார்கள். ஆஸ்திரேலிய ராணுவம் அந்தப் பணிக்கு வைத்த பெயர் 'பெல் இசி'. ராணுவங்கள் பெயர் வைப்பதில் பெரிய கெட்டிக்காரர்கள் அல்லர், இது விதிவிலக்கு.

2001 ஆகஸ்ட் 30 அன்று அரவாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. தன்னாட்சி, ஆயுதக் களைவு, பிற்காலத்தில் பொதுவாக்கெடுப்பு என்று மூன்று தூண்கள். ஆயுதங்களைப் பெட்டகங்களில் போட்டு இரட்டைப் பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி ஐ.நா. அதிகாரியிடம், மற்றது உள்ளூர்த் தளபதியிடம். நல்ல ஏற்பாடுதான், பெரும்பாலும் வேலையும் செய்தது. ஆனால் பேச்சு சட்டம், அதிகாரப் பங்கீடு என்று நுணுக்கமாகப் போகப்போக மேசையைச் சுற்றி ஆண்களே நிறைந்தார்கள். லிங்கனில் ஐம்பது பேராக வந்தவர்கள் ஆலோசகர்களாகவும் பார்வையாளர்களாகவும் ஆனார்கள். 2005-ல் அமைந்த தன்னாட்சிச் சட்டசபையில் 33 தொகுதிகள். அவை போகப் பெண்களுக்கு 3 இடம், முன்னாள் போராளிகளுக்கு 3 இடம். மக்களில் பாதிப்பேருக்கும், துப்பாக்கி பிடித்திருந்த சில ஆயிரம் பேருக்கும் சம ஒதுக்கீடு. பொது இடத்தில் ஆண்களோடு போட்டியிட்டு ஒரு பெண் வென்றது 2015-ல்தான், ஜோசஃபின் கெட்சி. ஊர் மட்டத்தில் நிலைமை வேகமாக மாறியிருக்கிறது. 2016 சட்டப்படி ஒவ்வொரு வார்டிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

மேசை இருக்கட்டும். ஒப்பந்தத்துக்கு முன்பும் பின்பும் ஊர் ஊராக நடந்த சமரசச் சடங்குகளைப் பார்ப்போம். பெரிய ஒப்பந்தம் தாங்கி நின்றது இவற்றின்மேல்தான் என்று சமாதான ஆய்வாளர்கள் பலர், ஜான் பிரெய்த்வெய்ட் உட்பட, எழுதியிருக்கிறார்கள்.

நடைமுறை ஊருக்கு ஊர் மாறும், ஆனாலும் பொதுவாக இப்படி. முதலில் தூது. கொன்றவனின் குலத்திலிருந்து யாரோ ஒருவர், பல நேரம் இரு பக்கமும் உறவுள்ள ஒரு பெண், இறந்தவன் வீட்டுக்குப் போய்ப் பேச்செடுக்கிறார். கதவு திறக்காமலும் போகலாம். மாதங்கள் கழித்து மறுபடி போவார்கள். அடுத்தது பெல் கோல். ஒரு பன்றியோ கொஞ்சம் பணமோ சிப்பிப்பணமோ கொடுத்து வயிற்றைக் குளிரவைப்பது. இதைச் சமாதானம் என்று எண்ணிவிடக் கூடாது. இனிமேல் உன்னைக் கண்டால் வெட்டமாட்டேன், பேசலாம் என்பது மட்டும்தான் இதன் பொருள். காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணி மாதிரி, நோய் உள்ளேதான் இருக்கிறது.

அதன்பிறகு உண்மையைச் சொல்லும் கட்டம். யார் கொன்றது, எங்கே, எப்படி, உடல் எங்கே. இது எல்லார் முன்னாலும் சொல்லப்பட வேண்டும். பல சடங்குகள் ஆண்டுக்கணக்கில் நின்றுபோவது இந்த இடத்தில்தான். சொல்லியாயிற்றென்றால் இறுதிச் சடங்கு. வில்லையும் அம்பையும் முறித்துப்போடுகிறார்கள். எல்லைக்கு அடையாளமாகும் தாங்கெத் செடியை நடுகிறார்கள். சில இடங்களில் கனத்த கல்லை மண்ணில் பதிக்கிறார்கள், அல்லது கடலில் போடுகிறார்கள். இரு தரப்பும் சேர்ந்து பாக்கு மெல்கிறார்கள். பாக்கு மாற்றிச் சம்பந்தம் பேசும் நமக்கு இது விளங்கும்: எச்சில் சிவக்க ஒன்றாக மென்றபின் பகை கொண்டாடுவது மரியாதையல்ல. கடைசியில் விருந்து.

விருந்து என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். பன்றி யார் வளர்த்தது? சேம்பும் சர்க்கரைவள்ளியும் எந்தத் தோட்டத்தில் விளைந்தவை? நூறு இருநூறு பேருக்குக் குழியடுப்பில் கல் காயவைத்துச் சமைத்தது யார்? ஒரு சமரசத்துக்கு வேண்டிய செல்வம் பெண்களின் ஒன்றிரண்டு ஆண்டு உழைப்பு. சில ஆயிரம் ஆயுதங்களைப் பூட்டுவதற்கு ஐ.நா. செய்த செலவுக்குக் கணக்கு இருக்கிறது. இந்தச் செலவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. சமாதானம் ஊரில் 'இயல்பாக' வந்தது, மரபு கைகொடுத்தது என்று எழுதுகிறார்கள். மரபுக்குத் தோட்டம் வெட்டத் தெரியாது.

மரபுக்கு இன்னொரு குறையும் இருந்தது, அதைப் பெண்களே முதலில் சொன்னார்கள். கொலைக்குச் சடங்கு உண்டு, வீடு எரித்ததற்கு உண்டு. வன்புணர்வுக்கு? போரில் எல்லாத் தரப்பும் அதைச் செய்திருந்தது. பல ஊர்களில் அது பேசப்படவே இல்லை. பேசப்பட்ட இடத்தில், அவளுடைய மாமனும் அவனுடைய மாமனும் உட்கார்ந்து பன்றி கைமாறியது. குலத்தின் வயிறு குளிர்ந்துவிட்டது. அவள் வயிறு? மறுநாள் சந்தையில் அவனைப் பார்த்து அவள் தலை குனிந்து போக வேண்டியிருந்தது.

லெய்தானா நேஹானின் வேலை போருக்குப் பிறகுதான் கூடியது என்பதற்கு இதுவே காரணம். 2001-ல் அந்த அமைப்புக்கு பெண்களுக்கான மில்லேனியம் சமாதான விருது கிடைத்தது. அந்தப் புகழ் மறைந்த பிறகும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டில் காய்ச்சும் சாராயத்தை. பள்ளிக்கூடம் பார்க்காமல் காட்டில் வளர்ந்த ஒரு தலைமுறை இளைஞர்கள், துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தார்கள். அன்னாசியும் வாழைப்பழமும் ஈஸ்டும் போட்டுக் காய்ச்சிக் குடித்தார்கள். குடித்துவிட்டு வந்து அடித்தார்கள். போரில் கற்ற கை வீட்டுக்குள் நீண்டது. 2013-ல் ஐ.நா. வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், பூகன்விலில் பேட்டி கண்ட ஆண்களில் பத்துக்கு ஆறு பேர் ஏதோ ஒரு பெண்ணை, பலர் தம் மனைவியையே, வற்புறுத்திப் புணர்ந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார்கள். ஆய்வு நடந்த இடங்களிலேயே அதுதான் மிக அதிகம். போர் நின்று அப்போது பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது.

ஹகெனாவின் குழுவினர் ஆண்களையே, அதிலும் முன்னாள் போராளிகளையே, பயிற்சி கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு காலத்தில் கட்டளையிட்டவன் வந்து, மனைவியை அடிக்காதே என்று சொன்னால் இளைஞர்கள் கேட்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட நடைமுறை உண்மை. லொரெய்ன் கராசு, பூகாவுக்குத் தெற்கே சபாய் என்ற ஊரில் நாசரேத் மறுவாழ்வு மையத்தை நடத்துகிறார். அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்குத் தங்க இடம், அவர்களோடு போலீசுக்கும் கோர்ட்டுக்கும் துணைக்குப் போவது, ஊர்தோறும் பெண் உரிமைக் காவலர் குழுக்கள். போரின்போது ஜெபக்கூட்டங்களை நடத்திய அதே வலைதான், இப்போது வேறு காரியத்துக்கு.

பங்குனாவின் குழி அப்படியேதான் கிடக்கிறது. 2020-ல் அதற்குக் கீழே ஆற்றோரம் வாழும் கிராமத்தார் 156 பேர் ஆஸ்திரேலிய மனித உரிமைச் சட்ட மையத்தின் உதவியோடு, சுரங்கத்தை நடத்திய ரியோ டின்டோ நிறுவனத்தின்மீது புகார் கொடுத்தார்கள். முன்நின்றவர் தியோனிலா ரோகா மட்போப். குழந்தையாக இருந்தபோதே போரில் தந்தையை இழந்தவர். அதே ஆண்டு தேர்தலில், ஒதுக்கீடு இல்லாத ஐயோரோ தொகுதியில், சுரங்கம் இருக்கும் அதே இடத்தில், ஆண்களோடு போட்டியிட்டு வென்றார். புகாரின் விளைவாக நடந்த ஆய்வின் முதல் கட்ட அறிக்கை 2024 டிசம்பரில் வந்தது. ஆறு இன்னும் மாசுபட்டிருக்கிறது, சரிவுகள் இன்னும் ஆபத்தாக இருக்கின்றன என்று அது எழுத்தில் உறுதிசெய்தது. ரொரொவானாவில் கல்லைப் பிடுங்கியவர்களின் பேத்திகளுக்கு அந்த எழுத்து ஐம்பத்தைந்து ஆண்டு தாமதமாகக் கிடைத்தது.

2019 கடைசியில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. செல்லுபடியான வாக்குகளில் 98 சதவீதத்துக்கு மேல் தனிநாட்டுக்கு. அது பாப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதால் பேச்சு தொடர்கிறது. 2025 ஜூனில் மறுபடி அதே பர்ன்ஹம் முகாமில் கூடினார்கள். 2027 செப்டம்பர் 1-ஐத் தனிநாட்டு நாளாகப் பூகன்வில் தலைவர்கள் குறித்திருக்கிறார்கள். 1975-ல் பூகன்வில் தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட அதே தேதி.

இதற்கிடையே இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. போரில் காணாமற்போனவர்களைத் தேடுவதற்குத் தன்னாட்சி அரசு 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. செஞ்சிலுவைக் குழு குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. சமரசச் சடங்கில் சொல்லப்படாமல் நின்றுபோன அந்தக் கேள்வி, உடல் எங்கே என்பது, வயதான தாய்மாரிடம் இன்னும் இருக்கிறது. எலும்பு கிடைத்தால்தான் குலத்தின் நிலத்தில் புதைக்கலாம். புதைத்தால்தான் கடைசி விருந்து வைக்கலாம். பல வீடுகளில் அந்த விருந்துக்கான பன்றி இன்னும் வளர்க்கப்படவில்லை.